தோள்சீலையும் அரசாணையும்
திருவிதாங்கூர் வரலாற்றில் அரசு, அதிகாரம், சமுதாயம்

அரசாங்கத்தைப் பற்றித் திருச்சபை என்ன போதிக்கவேண்டும் என்னும் வினா எழும்போதெல்லாம் நாம் ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைத் திறக்கிறோம். சிலர் அதற்கு எதிராக வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுவர். இவ்விரண்டு பகுதிகளுக்கும் நடுவே நின்று வாதிடுவோர் அனைவரும் ஒன்றைச் சொல்லாமலே ஒப்புக்கொண்டுவிடுகின்றனர். அரசு என்பது ஒன்று, அது ஓரிடத்தில் இருக்கிறது, அதற்குக் கீழ்ப்படிவதா எதிர்ப்பதா என்பதே கேள்வி என்று அவர்கள் கருதுகின்றனர். ஆனால் பவுல் அப்போஸ்தலர் அங்கே அதிகாரங்களைப் பன்மையிலேயே குறிப்பிடுகிறார். ஒரு நாட்டில் மனிதனை ஆளுகின்ற அதிகாரங்கள் பல என்பதை வரலாறும் நமக்குக் காட்டுகிறது. இவ்வுண்மையை விளக்கத் தென் திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தைவிடப் பொருத்தமான சான்று நமக்கு அருகில் இல்லை. 2023 மார்ச் மாதத்தில் நாகர்கோவிலில் அதன் இருநூறாம் ஆண்டு நினைவு கொண்டாடப்பட்டது. வெற்றியை நினைவுகூருவது நன்றே. எனினும் அவ்வெற்றி யாரால், எவ்வாறு, எவ்வளவு கிடைத்தது என்பதை ஆராய்வது இறையியல் மாணவருக்கு அதனினும் நன்று.

நாட்டை ஆண்டவர் யார்?

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துடன் சேரும்வரை திருவிதாங்கூரின், பின்பு திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாய் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியை ஆண்டவர் யார் என்று கேட்டால் அரசர் என்பதே எளிய விடை. ஆனால் 1750இல் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டை ஸ்ரீ பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக ஒப்புவித்து, அத்தெய்வத்தின் தாசராகவே ஆளத் தொடங்கினார். ஆகவே அரசாணை என்பது அங்கே சமயக் கடமையுமாகும். வழக்கத்தை மாற்றுதல் ஆட்சிப்பிழை மட்டுமன்று, தெய்வத்திற்கு எதிரான பிழையாகவும் எண்ணப்பட்டது.

அவ்வரசரின் மேல் வேறோர் அதிகாரம் இருந்தது. 1795, 1805ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் திருவிதாங்கூர் ஆங்கிலேயக் கம்பெனியின் பாதுகாப்புக்கு உட்பட்டது. ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் செலுத்தவேண்டிய கட்டாயமும் ஏற்பட்டது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி 1809இல் அடக்கப்பட்ட பின்பு ரெசிடெண்டின் சொல்லை மீறுவது அரண்மனைக்கு அரிதாயிற்று. 1810இல் ரெசிடெண்டாக வந்த கர்னல் மன்றோ 1811 முதல் 1814 வரை திவான் பதவியையும் தாமே வகித்தார். மேற்பார்வை செய்பவரும் மேற்பார்வைக்கு உட்பட்டவரும் ஒருவரேயாக இருந்த விந்தையான ஆட்சி அது.

இவ்விரு அதிகாரங்களுக்கும் கீழே, ஆனால் மக்களுக்கு மிக அண்மையில், மூன்றாவது அதிகாரம் ஒன்று நிலவியது. நிலமுடையோரும், ஊர் அதிகாரிகளும், அவர்கள் கட்டிக்காத்த சாதி வழக்கமும் சேர்ந்ததே அது. ஏழை மனிதன் அரசரைக் கண்டதில்லை. ரெசிடெண்டின் பெயரையும் அவன் அறியான். ஊதியமின்றித் தன்னை வேலைக்கு இழுத்துச் செல்லும் அதிகாரியையும், வழியில் விலகி நிற்கச் சொல்லும் நிலக்கிழாரையுமே அவன் அரசாங்கமாகக் கண்டான். அந்தக் கூலியில்லா வேலைக்கு ஊழியம் என்று பெயர். இன்று நாம் திருப்பணிக்கு வழங்கும் அதே சொல், நம் முன்னோருக்கு அடிமைத்தனத்தின் பெயராய் இருந்தது என்பதை ஊழியர் அனைவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம்.

உடல்மேல் எழுதப்பட்ட சட்டம்

உயர்ந்தவர் என்று கருதப்பட்டோர் முன்னிலையில் மேலுடலைத் திறந்து நிற்பது மரியாதையின் அடையாளம் என்பது அந்நாட்டின் பழைய வழக்கம். இது படிப்படியாய் அமைந்த ஓர் ஏணி. நாயர் பெண்களும் தமக்கு மேற்பட்டோர் முன் இவ்வாறு நிற்கவேண்டியிருந்தது. ஏணியின் கீழே சென்றோருக்கோ மேலுடலை மூடும் உரிமையே மறுக்கப்பட்டது. அக்கால ஆவணங்களில் சாணார் என்று குறிக்கப்பட்ட நாடார் மக்களும், அவர்களினும் கீழே தள்ளப்பட்டோரும் இந்நிலையில் இருந்தனர். இச்சட்டத்தை நிறைவேற்றச் சேவகர் எப்போதும் தேவைப்படவில்லை. காண்போர் அனைவரும் காவலராயிருந்தனர். சமுதாயமே அரசாங்கத்தின் வேலையைச் செய்தது எனலாம்.

1806இல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே மிஷனெரியின் பணியாலும், 1818 முதல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட லண்டன் மிஷனெரி சங்கத்தின் பணியாலும் நாடார் மக்கள் பெருந்தொகையாய்ச் சபையில் சேர்ந்தனர். கிறிஸ்தவப் பெண்கள் மேலுடலை மூடிக்கொள்ளலாம் என்று மன்றோ அனுமதித்தபோது மேல்சாதியார் கடுமையாக எதிர்த்தனர். 1814இல் அந்த அனுமதி வரையறுக்கப்பட்டது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிவதுபோன்ற குப்பாயத்தை அணியலாம். நாயர் பெண்களைப்போல் தோளின்மேல் சீலை இடலாகாது என்று ஆணை பிறந்தது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மிஷனெரிமார் இதனை நாணத்தைப் பற்றிய வினாவாகவே பெரும்பாலும் கண்டனர். உடல் மூடப்பட்டால் போதும் என்பது அவர்கள் எண்ணம். அதற்குக் குப்பாயம் போதுமானது. பெண்களோ குப்பாயத்தோடு நிற்கவில்லை. அதன்மேல் தோள்சீலையையும் இட்டனர். அவர்கள் நாடியது மானம் மட்டுமன்று, சமத்துவமும் ஆகும். அவர்களை எதிர்த்தவர்கள் இதை நன்றாகவே உணர்ந்திருந்தனர். ஆகையால்தான் குப்பாயத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள்கூடச் சீலையைக் கண்டவுடன் கொதித்தெழுந்தனர்.

நீதிபதியான மிஷனெரி

அக்காலத்தில் திருச்சபையின் நிலை எத்தகையது? நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட் மிஷனெரி அரசாங்கத்தால் அங்கேயே சிவில் நீதிபதியாகவும் நியமிக்கப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின்பு, லண்டனிலிருந்த சங்க இயக்குநர்கள் அதனை விரும்பாமையால், அப்பதவியை விட்டார். அந்த ஓராண்டில் ஒடுக்கப்பட்டோர் முதல்முறையாகத் தங்களுக்கு இரங்கும் ஒருவரை நீதியாசனத்தில் கண்டனர். இதன் பயனை நாம் குறைத்துக் கூறலாகாது. ஆயினும் போதகரும் நீதிபதியும் ஒருவரே என்றானபோது, சுவிசேஷத்தை ஏற்பதும் அதிகாரத்தின் நிழலில் ஒதுங்குவதும் வேறுவேறு என்று மக்களுக்கு எவ்வாறு விளங்கும்? எதிர்த்தரப்பார் கிறிஸ்தவத்தை வெள்ளையரின் அதிகாரமாகவே கண்டதற்கு நாமும் ஓரளவு காரணராயிருந்தோம். மன்றோவின் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும், கோயில் தொடர்பான ஊழியத்திலிருந்தும் கிறிஸ்தவருக்கு விலக்குக் கிடைத்தது. அது நியாயமே. ஆனால் விலக்கு என்பது விடுதலையன்று. ஊழியம் என்னும் முறை நிலைத்தது. கிறிஸ்தவனுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கிடைத்தது. அவனுடைய அண்டைவீட்டானுக்கு அதுவும் இல்லை.

இரண்டு பிரகடனங்கள்

1822இல் தொடங்கிய கலகங்கள் 1827 முதல் 1829 வரை மீண்டும் மூண்டன. சந்தையிலும் வழியிலும் பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன; ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. 1829 பெப்ரவரியில் ராணி கௌரி பார்வதி பாய் பிரகடனம் வெளியிட்டார். தோள்சீலை தடைசெய்யப்பட்டது, குப்பாயம் அனுமதிக்கப்பட்டது. அமைதி குலைந்தபோது அரசு யாரைக் கட்டுப்படுத்தியது என்பதைப் பாருங்கள். ஆடையைக் கிழித்தவர்களை அன்று, ஆடை உடுத்தவர்களையே அது கட்டுப்படுத்தியது. அமைதி என்பதற்கு அவ்வரசு கொண்ட பொருள் பழைய ஏணி அசையாதிருத்தலே.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. நிலமுடையோரின் மனக்கசப்பு மிகுந்தது. 1858 நவம்பர் 1ஆம் நாள் விக்டோரியா மகாராணியாரின் பிரகடனம் இந்தியாவெங்கும் வாசிக்கப்பட்டது. குடிகளின் சமய நம்பிக்கைகளில் அரசாங்கம் தலையிடாது என்ற வாக்குறுதி அதில் இருந்தது. தென் திருவிதாங்கூரில் அதனை ஒரு சாரார், மிஷனெரிமாரின் ஆதரவு நீங்கிற்று. இனிப் பழைய வழக்கத்தை நிலைநாட்டலாம் என்று பொருள்கொண்டனர். சமய சுதந்தரத்தைக் காக்க எழுதப்பட்ட சொற்களே எளியோரை அடக்கும் கருவியாயின. ஆணை எழுதுபவரின் கருத்து ஒன்றாயிருக்க, அது ஊருக்குள் வரும்போது வலியோரின் கருத்தே அதன் பொருளாகிவிடுகிறது.

1858ஆம் ஆண்டின் இறுதியிலும் 1859ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கலகம் பரவியது. திவான் மாதவராவ் முதலில் பழைய வழக்கத்தை மீறவேண்டாம் என்றே அறிவித்தார். ரெசிடெண்டு ஜெனரல் கல்லன் மிஷனெரிமாரின் முறையீடுகளுக்கு அவ்வளவாய்ச் செவிசாய்த்தவரல்லர். அவர்கள் சென்னை அரசாங்கத்தை அணுகினர். 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் கல்லனுக்குக் கண்டிப்பாக எழுதினார். அதன் பயனாக 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய பிரகடனத்தை வெளியிட்டார். எச்சமயத்தைச் சேர்ந்த நாடார் பெண்களும் மேலுடலை மூடிக்கொள்ளலாம். கிறிஸ்தவப் பெண்களைப்போல் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்பது அதன் சாரம்.

கொடுத்ததும் கொடாததும்

இப்பிரகடனம் உடலை மூட அனுமதித்தது, சமத்துவத்தை அனுமதிக்கவில்லை. ஆயினும் 1829இன் ஆணையிலிருந்து இது ஒருவகையில் வேறுபட்டது. கிறிஸ்தவர் என்பதற்காக அளிக்கப்பட்ட சலுகை, இப்போது இந்து நாடார் பெண்களுக்கும் உரியதாயிற்று. இம்மாற்றத்தைக் கொண்டுவந்தவர் யார்? ஆளுநரின் கடிதமும் மிஷனெரிமாரின் மனுக்களும் துணைசெய்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் எழுதுவதற்கு முன்னரே, அடியையும் அவமானத்தையும் ஏற்று, தடைசெய்யப்பட்ட சீலையுடன் சந்தைக்குச் சென்ற பெண்கள் இருந்தனர். கிறிஸ்தவப் பெண்களைக் கண்டு, சபையில் சேராத பெண்களும் அவ்வாறே செய்தனர். சமுதாயத்தின் கீழ்ப்படியில் தோன்றிய செயலுக்குப் பின்னரே அரசின் ஆணை வந்தது. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் நம் சபை வரலாறுகளில் இல்லை. மீட்டின் பெயரும் மன்றோவின் பெயரும் இருக்கின்றன.

மற்றொன்றையும் வெட்கத்துடன் சொல்லவேண்டும். மயிலாடியில் அச்சபை வேர்கொள்ளக் காரணராயிருந்த மகாராசன் வேதமாணிக்கம் சாம்பவர் குலத்தவர். அவர் குலத்துப் பெண்களுக்கு 1859இன் பிரகடனத்தில் இடமில்லை. பிற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு இவ்வுரிமை 1860களிலேதான் விரிவாக்கப்பட்டது. திருச்சபை தன் பெரும்பான்மை உறுப்பினருக்காக வாதாடியது. தன் முதல் விசுவாசியின் இனத்தாருக்காக அதே குரலில் வாதாடவில்லை.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? அரசாங்கத்திற்குக் கீழ்ப்படிவதா என்று கேட்பதற்கு முன், இங்கே ஆள்கின்ற அதிகாரங்கள் எவை என்று போதகர் கேட்கவேண்டும். சட்டப் புத்தகத்தில் உள்ள அதிகாரத்தைவிடச் சந்தையிலும் வயலிலும் உள்ள அதிகாரம் வலியதாக இருக்கக்கூடும். அடுத்து, சபை தன் மக்களுக்கென விலக்குக் கேட்கும்போதெல்லாம், விலக்கு எதிலிருந்தோ அந்த அநீதி பிறர்மேல் நிலைத்துவிடுகிறதா என்று தன்னைச் சோதிக்கவேண்டும். தேவசாயலாகப் படைக்கப்பட்டவள் என்பதே ஒரு பெண்ணின் கண்ணியத்திற்கு ஆதாரமானால், அக்கண்ணியத்தை ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து அளக்க முடியாது.

இறுதியாக, அதிகாரம் வெளியே மட்டும் இல்லை. இன்று நம் சபைகளுக்கு நிலமும் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் உள்ளன. நம் தேர்தல்களில் சாதி எண்ணப்படுவதை நாம் அறிவோம். எளியவர் ஒருவர் நம்மிடம் நியாயம் தேடி வரும்போது, நாம் அமர்ந்திருப்பது எந்த நாற்காலி? 1829இல் அமைதியைக் காக்க ஆணையிட்டவர்களைப்போல, நாமும் சபையின் சமாதானம் என்னும் பெயரால் அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனைப் பொறுமையாயிருக்கச் சொல்கிறோமா? பெயர் எழுதப்படாத அப்பெண்கள் சீலையைத் தோளில் இட்டுக்கொண்டு நடந்த வழியிலேதான் இன்று நம் ஆலயங்கள் நிற்கின்றன. அவர்களை நினைவுகூர விழா போதாது. நம் சபைக் கமிட்டிகளில் நாம் எழுதும் தீர்மானங்களே அதற்குச் சாட்சியாகவேண்டும்.