கணவனும் கால்நடையும்



கால்நடை வளர்ப்பை ஆங்கிலத்தில் 'அனிமல் ஹஸ்பண்ட்ரி' என்பர். "ஹஸ்பண்ட் என்றால் கணவன்தானே, ஐயா? கணவனுக்கும் மாட்டுக்கும் என்ன தொடர்பு?" என்று மாணவி ஒருத்தி வினவினாள். வகுப்பே சிரித்தது. "அக்காலத்தில் அது ஆண்கள் செய்த வேலை, அதனால் வந்த பெயர்" என்று கூறிவிட்டேன். அன்றிரவு அகராதியைப் புரட்டியபோதுதான் என் பிழை விளங்கிற்று.

9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பழைய நோர்ஸ் மொழியில் 'ஹூஸ்' என்பது வீடு. 'போன்டி' என்பது மனையுடைய குடியானவன். இரண்டும் இணைந்து வீட்டுத் தலைவனைக் குறித்த சொல்லே ஆங்கிலத்தில் 'ஹஸ்பண்ட்' ஆயிற்று. கணவன் என்னும் பொருள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே அதற்கு வந்து சேர்ந்தது. வீட்டையும் உடைமையையும் பேணும் பொறுப்பைக் குறித்த 'ஹஸ்பண்ட்ரி', பின்னர் உழவுக்கும் கால்நடை வளர்ப்புக்கும் பெயராயிற்று. 1523இல் இலண்டனில் அச்சான பிட்சர்பெர்ட்டின் நூல் உழவோடு ஆடு, மாடு, குதிரை பேணும் முறைகளையும் கூறுகிறது.

ஆகவே, அச்சொல்லின் வேர் ஆண்மையன்று, வீடும் பொறுப்புமே. மறுநாள் மாணவர்முன் என் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினேன். ஊகத்தால் சொல்லும் விடையும் பிஞ்சு மனத்தில் பாடமாகவே பதிந்துவிடும். "பார்த்துச் சொல்கிறேன்" என்பது ஆசிரியருக்கு இழுக்கன்று.