ஆடு பெருகுது, கூடாரம் மறையுது... லடாக்கின் 'ரெபோ'வுக்கு என்ன ஆச்சு?

படாளம், மதுராந்தகம் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருபவர்கள் தார்ப்பாய் கட்டித் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேய்ச்சல் முடிந்ததும் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இதே வாழ்க்கையை 14,000 அடி உயரத்தில், குளிர் மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும் இடத்தில் வாழ முடியுமா? லடாக்கின் சாங்தாங் பகுதியில் ஆடு, யாக் மேய்க்கும் சாங்பா மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பாரம்பரிய வீடுதான் 'ரெபோ'.

ரெபோ என்றால் என்ன?

யாக் மாட்டின் முடியில் நெய்த கறுப்புக் கூடாரம். ('கவரிமா' என்பது மான் அல்ல, இந்த யாக்தான் என்பது பல தமிழறிஞர்கள் கருத்து.) நீளமான முரட்டு முடியை நூலாகத் திரித்து, பட்டை பட்டையாக நெய்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பார்கள். உள்ளே கம்பு, வெளியே இழுத்துக் கட்டும் கயிறு, சுற்றிலும் காற்றைத் தடுக்கக் குட்டையான கல்சுவர். நடுவில் அடுப்பு. அந்த உயரத்தில் விறகுக்கு மரம் ஏது? காய்ந்த சாணம்தான் எரிபொருள். புகை போக உச்சியில் திறப்பு இருக்கும்.

நெசவு கொஞ்சம் இளக்கமானது. உள்ளிருந்து பார்த்தால் துணி வழியே வெளிச்சம் தெரியும். அப்போ மழையும் பனியும் உள்ளே வராதா? முடியில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஈரம் பட்டால் இழை உப்பி, இடைவெளி அடைபட்டுவிடும். ஒரு பட்டை நைந்தால் அதை மட்டும் பிரித்துவிட்டு புதுசு தைக்கலாம். அதனால் ஒரே ரெபோ அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் போகும்.

மங்கோலியாவின் 'கெர்' மாதிரியா?

இல்லை. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். கெர்ரைப் போர்த்துவது நெய்த துணி அல்ல, ஆட்டு ரோமத்தை நனைத்து அழுத்திச் செய்யும் தடித்த கம்பளம். மடக்கி விரிக்கும் மரச்சட்டம்தான் சுவர். அதனால் முளை அடிக்காமலே வட்டமாக நிற்கும். கெர் செய்யும் கலையை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

ரெபோ ஏன் மறைகிறது?

காரணம் பஷ்மினா! உலகமே விரும்பும் அந்த மெல்லிய கம்பளி, சாங்பாக்கள் வளர்க்கும் ஆடுகளின் உள்முடி. அதற்கு நல்ல காசு. யாக் முடிக்கு அப்படிப்பட்ட சந்தை கிடையாது. குடும்பங்கள் ஆட்டைப் பெருக்கின, யாக் குறைந்தது. ரோடு வந்து, லாரியும் வந்தபின் சுமை தூக்கவும் யாக் தேவைப்படவில்லை. யாக் இல்லாமல் முடி ஏது, முடி இல்லாமல் ரெபோ ஏது?

புதிதாக ஒன்று நெய்வதும் லேசான வேலையல்ல. கனமும் அதிகம். கான்வாஸ் கூடாரத்தை கடையில் வாங்கி, அரை மணியில் கட்டிவிடலாம். அதை வாங்குபவர்களைக் குறை சொல்ல முடியாது.

மேய்ச்சல் நிலமும் சுருங்கியது. திபெத் பக்கம் இருந்த மேய்ச்சல் இடங்களை 1962 போரை ஒட்டி சாங்பாக்கள் இழந்தார்கள். திபெத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களும் மந்தைகளோடு வந்தார்கள். 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு, எல்லையோரத்தில் பழைய இடங்களுக்குப் போக முடியவில்லை என்று மேய்ப்பவர்கள் புகார் சொல்கிறார்கள்.

இன்னொரு காரணம் பள்ளிக்கூடம். பிள்ளைகளின் படிப்புக்காக கர்னக் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் லே நகருக்கே வந்துவிட்டன. அவர்கள் குடியேறிய இடத்தின் பெயர் கர்னக்லிங். அங்கே கட்டிய வீடுகளில் குடியிருக்கிறார்கள், ஆண்கள் பலர் டிரைவர் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறார்கள். அங்கு வளரும் பிள்ளைகளுக்கு யாக் முடியை நூலாகத் திரிக்கும் வேலையே வருவதில்லை.