மலைநாட்டுக் கோச்சியும் சாரதியில்லா ஊர்தியும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,225 அடி உயரத்தில், மூடுபனியும் கடுங்குளிரும் சூழ நிற்கும் அச்சிற்றூரை நோக்கி, 44 அடிக்கு ஓரடி என்னும் ஏற்றத்தில் வண்டிகள் இளைத்திளைத்து ஏறுகின்றன. சாரதியில்லா வாடகைக் கார்களில் மக்கள் ஏறுவரா, மின்சாரக் கார்களை நம்புவரா என்று உலகெங்கும் ஆராயப்படும் இந்நாளில், புதிய ஊர்தியை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கு இம்மலைப்பாதையின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

கண்டிக்கு இருப்புப்பாதை 1867இல் வந்தது. மாட்டு வண்டிகளின் தாமதமும் செலவும் பொறாத கோப்பித் தோட்டத் துரைமார், பல்லாண்டு வற்புறுத்திப் பெற்ற பாதை அது. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி மடியலாயிற்று. தேயிலை அதன் இடத்தைக் கொண்டது. பாதையோ மேலும் ஏறி, 1885இல் நானுஓயாவையும், பட்டிப்பொல உச்சியைக் கடந்து 1893இல் அப்புத்தளையையும் அடைந்தது. கரி தின்று கனல் கக்கிய எந்திரத்தைச் சிங்கள மக்கள் ‘யகட யகா’, அஃதாவது இரும்புப் பேய், என்றனர். அவ்வச்சம் நெடுநாள் நிற்கவில்லை. ஆங்கிலச் சொல்லொன்றைத் திரித்துத் தமிழர் ‘கோச்சி’ என்றும் சிங்களர் ‘கோச்சிய’ என்றும் வழங்கிய பெயர்களே நிலைத்தன. பேயாய் வந்தது வீட்டுச் சொல்லாய் முடிந்தது.

சென்னையிலும் இதுவே நிகழ்ந்தது. 1895இல் அங்கு மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதலாவது. குதிரையும் இன்றிப் புகையும் இன்றி நகர்ந்த அவ்வண்டி, 1953இல் நிறுத்தப்படும்வரை எழுத்தர்க்கும் கூலியாளர்க்கும் அன்றாட ஊர்தியாய் விளங்கிற்று. பொறியைப் பற்றிய அச்சம் பழக்கத்தால் தேயும் இயல்பினது. தேயாத அச்சம் வேறொன்று உண்டு. அதனை மலைநாட்டிலேயே காணலாம்.

கண்டிப் பாதையில் கோப்பி மூட்டைகள் புகையிரதத்தில் இறங்கிய காலத்தில், அக்கோப்பியைப் பறித்த கைகளுக்குரியோர் கால்நடையாகவே மலையேறினர். மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை வழியே காடும் வறள்நிலமும் கடந்து மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். ஊர்தியைப் பற்றி அவர்தம் கருத்து யாது என்று எவரும் வினவியதில்லை. மூட்டைக்கு வண்டி, மனிதனுக்கு நடை என்பதே அக்கால ஏற்பாடு.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914இல் கப்பல் வழி திறந்த பின், தொழிலாளரும் கோச்சியில் ஏறினர். அக்கோச்சியே பின்னர் அவர்களைத் திருப்பியும் கொண்டுசென்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினோருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்பாடு செய்தனர். மலைநாட்டு நிலையங்களில் வண்டி புறப்படுங்கால், ஏறியோரும் நின்றோரும் கட்டியழுதனர். அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வழங்கலாயிற்று, மு. சிவலிங்கத்தின் சிறுகதையொன்றும் அப்பெயர் தாங்கியது. அம்மக்கள் எந்திரத்துக்கு அஞ்சியழுதாரல்லர். தம் விருப்பின்றித் தம்மைக் கொண்டுசெல்லும் பயணத்துக்கே அழுதனர்.

இனிச் சாரதியில்லா ஊர்திக்கு வருவோம். தேரினும் சாரதியையே நம்பிக் களம் புகுந்த பார்த்தனின் கதை கேட்டு வளர்ந்தோர்க்கு, வெறும் இருக்கை முன்னிருக்க வண்டி தானே திரும்புவது வியப்பே. ஆயினும் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2020இல் வேமோ நிறுவனம் இத்தகைய கார்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது, மக்கள் ஏறினர். மாறாக, 2018இல் அதே மாநிலத்தின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதி இறந்தவர் பயணி அல்லர். வீதியைக் கடந்த ஒரு பெண். கண்காணிக்க ஒருவர் உள்ளே இருந்தும் அது நேர்ந்தது. 2024இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆளில்லாது நின்ற கார் ஒன்றைக் கூட்டத்தார் எரித்தனர். அவர்களும் பயணிகளல்லர். ஏறுவோரின் மனத்தை மட்டும் அளக்கும் ஆய்வுகள், வழியில் நடப்போரை மறந்துவிடுகின்றன. வடபாதையில் நடந்தோர் மறக்கப்பட்டதும் இவ்வாறே.

மின்சாரக் காரின் நிலையும் மலைநாட்டில் சிந்தித்தற்குரியது. நானுஓயா ஏற்றம் மின்கலத்தை விரைந்து குறைக்கும். இறக்கம் அதில் ஒருபகுதியைத் திருப்பித் தரும். அம்மின்சாரத்தில் ஒரு பங்கோ இம்மலையாறுகளே தருவது. கெகல்கமு ஓயாவின் நீரால் லக்சபானா நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிக் கொழும்புக்கு ஒளியூட்டியது. அணைகளை அண்டிய லயன் அறைகளில் பலவற்றிலோ அதன்பின்னும் பல்லாண்டு மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

பிழைப்பைப் பற்றிய அச்சம் இன்னும் ஆழமானது. சாரதிகளின் வேலை பறிபோகும் என்று கூறி, சாரதியில்லாக் கார்களை அனுமதிக்கமாட்டோம் என இந்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இல் அறிவித்தார். 2023இலும் அதனையே வலியுறுத்தினார். இலங்கையில் பதிவான முச்சக்கர வண்டிகளோ பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை. கொழுந்துக் கூடையை விட்டு வேறு தொழில் நாடிய தோட்டத்து இளைஞர் பலர், அட்டனிலும் நானுஓயாவிலும் புகையிரத நிலைய வாயிலில் அவற்றை நிறுத்தி, கோச்சியில் வந்திறங்குவோரை ஏற்றிக் குடும்பம் பேணி வருகின்றனர்.