ஏப்ரல் பனிக்கு எந்த ஊர்?

ஆல்ப்ஸ் மலைக்குக் குடும்பத்தோடு பனிச்சறுக்கப் போகிறவர்கள் பிப்ரவரியில் அறை போட்டால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் ஊர் வாசல்வரை பனி கிடக்கும். ஈஸ்டர் விடுமுறைக்குப் போகிறவர்களுக்குத்தான் தலைவலி. மார்ச் கடைசியில் வெயில் ஏறிவிடும், ஆயிரம் மீட்டர் உயரத்து ஊர்களில் புல் தலைகாட்டும். இன்னும் மேலே, மரங்களும் வளராத உயரத்தில் தங்கினால் பனி இருக்கும். ஆனால் அங்கே கடைத்தெரு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, காற்று முகத்தில் அறையும், அந்த உயரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கம் பிடிக்குமா என்ற கவலை வேறு. கீழே தங்கினால் ஊர் அழகாக இருக்கும், பனியைத் தேடித் தினமும் மேலே போக வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஆல்ப்ஸில் பல ஊர்கள் இன்றைய வடிவத்துக்கு வந்ததே இதற்கு விடை தேடித்தான். அந்த விடைகளில் முக்கியமான சில, மதராஸோடு தொடர்புடைய ஒரு குடும்பத்திலிருந்து வந்தவை.

ஹென்றி லன் என்ற ஆங்கிலேயர் மருத்துவம் படித்த மெதடிஸ்ட் பாதிரியார். 1887-இல் ஊழியத்துக்காக மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். மறு ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி மதராஸில் அவருடைய மூத்த மகன் ஆர்னால்டு பிறந்தான். ஹென்றிக்கு இந்த ஊர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, சீக்கிரமே கப்பல் ஏறிவிட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் தேவைக்கு மேல் வசதியாக வாழ்கிறார்கள் என்று எழுதப்போய், சபைக்குள் பெரிய சண்டையைக் கிளப்பிவிட்டார். 1892-இல், பிரிந்து கிடக்கும் திருச்சபைகளை ஒன்று சேர்க்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் கிரின்டல்வால்டில் மாநாடு கூட்டினார். சபைகள் ஒன்று சேரவில்லை. ஆனால் கூட்டம் கூட்டமாக ஆட்களுக்கு ரயில் சீட்டு எடுத்து, ஓட்டல் அறை பிடித்துக் கொடுப்பதில் தனக்குக் கைராசி இருக்கிறது என்பதைப் பாதிரியார் கண்டுகொண்டார். மாநாட்டுக்கு ஆள் சேர்த்த வேலை பயண நிறுவனமாக வளர்ந்தது.

அந்தக் காலத்தில் சுவிஸ் மலை ஓட்டல்களில் பெரும்பாலானவை கோடை முடிந்ததும் பூட்டப்பட்டுவிடும். இரண்டு ஊர்கள் முக்கியமான விதிவிலக்கு. செயின்ட் மோரிட்ஸில் யோஹன்னஸ் பத்ருட் என்ற ஓட்டல்காரர், குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவை நானே தருகிறேன் என்று 1864-இல் ஆங்கிலேய விருந்தினர்களிடம் பந்தயம் கட்டினார் என்பது அந்த ஊர் இன்றுவரை சொல்லி மகிழும் கதை. டாவோஸுக்குக் காசநோயாளிகள் வந்தார்கள். அங்குள்ள காற்று நுரையீரலுக்கு நல்லது என்று அலெக்சாண்டர் ஸ்பெங்லர் என்ற மருத்துவர் சொன்னதுதான் காரணம். அப்படி மனைவியை அழைத்துக்கொண்டு டாவோஸுக்கு வந்தவர்களில் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலும் ஒருவர். நார்வேயிலிருந்து வந்திருந்த சறுக்குப் பலகைகளை அவர் காலில் மாட்டிக்கொண்டு, 1894-இல் உள்ளூர் பிராங்கர் சகோதரர்களோடு மலை தாண்டி அரோசாவுக்குப் போனார். ஒரு காலத்தில் இதற்காகவே நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர் சுவிட்சர்லாந்துக்கு வருவார்கள் என்று பத்திரிகையில் எழுதவும் செய்தார்.

வரவழைத்தவர் ஹென்றி லன். 1900-களின் தொடக்கத்தில் அடெல்போடன் போன்ற ஊர்களில் ஓட்டல்காரர்களைப் பிடித்துப் பேசி, குளிர்காலத்திலும் கதவைத் திறக்க வைத்தார். பிரிட்டனின் மேட்டுக்குடிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்து, ஓட்டல்களை மொத்தமாக அந்த உறுப்பினர்களுக்கு ஒதுக்கினார். பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருப்பார் என்ற கவலை இல்லாமல் சாப்பிடலாம் என்பதற்காகவே பலர் சேர்ந்தார்கள். எந்த ஊரில் தங்குவது என்பதை முதலில் தீர்மானித்தது பனியை விட இந்த வர்க்க உணர்வுதான். அது நாகரிகமான காரணம் இல்லை, ஆனால் அதுதான் நடந்தது.

லன் குடும்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் மியூரன். பெர்ன் மலைநாட்டில் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்கு மேலே, செங்குத்தான பாறைச் சுவரின் விளிம்பில், 1,638 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து கணக்கிட்டால் சுமார் 800 மீட்டர் மேலே. எதிரே ஐகர், மோன்க், யுங்ஃபிராவ் மூன்று சிகரங்களும் வரிசையாக நிற்கும். மோட்டார் வண்டிகள் இன்றும் இந்த ஊருக்குள் வருவதில்லை. 1891-லேயே லவுட்டர்புருன்னனிலிருந்து கம்பிவடம் இழுக்கும் விஞ்சு ரயில் (பழனி மலையில் ஓடுகிறதே, அந்த இனம்) க்ரூட்சால்ப் வரை ஏறிவிட்டது. அங்கிருந்து மலை விளிம்பை ஒட்டி ஒரு சிறு ரயில் ஊருக்குள் கொண்டுவிடும். ஆனால் ரயில் ஓடியது கோடையில் மட்டும். 1910-11 குளிர்காலத்தில் அதை ஓடவைத்ததில் ஹென்றிக்குப் பெரும்பங்கு உண்டு. 1912-இல் ஊருக்கு மேலே அல்மென்ட்ஹுபெல் குன்றுக்கு இன்னொரு விஞ்சு வந்தது.

பள்ளத்தாக்கின் எதிர்க்கரையில் வெங்கன். மியூரனைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு, 1,274 மீட்டர்தான். ஆனால் அதற்கு ஒரு பலம் இருந்தது. 1893 முதல் லவுட்டர்புருன்னனிலிருந்து வெங்கன் வழியாக 2,061 மீட்டர் உயரத்து க்ளைனே ஷைடெக் வரை பற்சக்கர ரயில் போகிறது. தண்டவாளத்தின் நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். நீலகிரி ரயிலின் பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை.

அதுவரை பனிச்சறுக்கு என்றால் பலகையின் அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மேலே நடந்து, ஒருமுறை கீழே சறுக்கி வருவது. அந்த நடையும் வீரத்தில் சேர்த்தி. வெங்கனில் தங்கிய ஆங்கிலேயர்கள் ரயிலில் உட்கார்ந்து மேலே போய், சறுக்கி வந்து, மறுபடி ரயிலேறினார்கள். 'இறங்க மட்டும் தெரிந்தவர்கள்' என்று மியூரன்காரர்கள் கேலி பேசினார்கள். வெங்கன்காரர்கள் அந்தக் கேலியையே பெயராக்கி 1925-இல் 'டவுன்ஹில் ஒன்லி' சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்க விடுமுறைக்குச் சறுக்கப் போகிற குடும்பங்கள் செய்வதெல்லாம் இதுதான். கேலி செய்தவர்கள் தோற்றுப்போனார்கள்.

மகன் ஆர்னால்டு கதை வேறு. 1909-இல் வேல்ஸில் பாறை ஏறும்போது விழுந்து கால் நொறுங்கியது; பிழைத்தபோது ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகியிருந்தது. அந்தக் காலோடுதான் நவீனப் பனிச்சறுக்கின் விதிகளை எழுதினார். அதற்கு முன் வளைந்து திரும்பும் போட்டிகளில் நடை அழகுக்கு மதிப்பெண் உண்டு. 1922-இல் மியூரன் சரிவில் இரட்டை இரட்டையாகக் கொடி நட்டு, எப்படி வேண்டுமானாலும் திரும்பு, யார் சீக்கிரம் வருகிறார் என்பதுதான் கணக்கு என்றார். இன்றைய ஸ்லாலோம் அங்கே பிறந்தது. 1931-இல் ஸ்லாலோமுக்கும் நேர்சரிவு ஓட்டத்துக்குமான முதல் உலகப் போட்டியும் மியூரனில்தான்.

பருவக் கடைசியில் போகிறவர்களுக்கு அவர் செய்த உதவி இதைவிடப் பெரியது, ஆனால் அதிகம் பேசப்படாதது. பனிச்சறுக்கு ஜனவரி விளையாட்டு என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, உயர்ந்த மலைகளில் வசந்தம்தான் சிறந்த காலம் என்று அவர் வாதாடினார். 1917 ஜூனில் வழிகாட்டி யோசெஃப் க்னூபெலோடு 4,545 மீட்டர் டோம் சிகரத்தைச் சறுக்குப் பலகையோடு ஏறிக் காட்டினார். எல்லா உயரத்திலும் எல்லாப் பருவத்திலும் சறுக்குவது பற்றி 1921-இல் ஒரு நூலே எழுதினார். பனி எப்படி மாறுகிறது என்பதை உட்கார்ந்து படித்த மனிதர்.

விஷயம் இதுதான். வசந்தத்தில் பகல் வெயிலுக்கு மேற்பனி உருகும், இரவு மறுபடி உறையும். இப்படிப் பல நாள் மாறி மாறி நடந்தால் பனி ஜவ்வரிசி மணிபோல் திரண்டுவிடும். அதிகாலையில் அது கல். பலகை கடகடவென்று ஆடும், பிள்ளைகள் விழுந்து அழும். வெயில் பட்டு மேலே ஓர் அங்குலம் இளகியதும் அதைப்போல் சுகமான சறுக்கல் வேறில்லை. கிழக்குச் சரிவு முதலில் இளகும், மேற்குச் சரிவு பிந்தி. மதியம் தாண்டினால் முழங்கால்வரை கூழ். உயரம் ஏறஏற, நூறு மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரி வெப்பம் குறைவதால், நல்ல பனி நிற்கும் நேரமும் நீளும். ஆகவே ஏப்ரலில் குடும்பத்துக்கு வேண்டியது காலையில் சட்டென்று உயரத்துக்குக் கொண்டுபோய், மதியம் பிள்ளைகள் களைத்ததும் சறுக்காமலே கீழே இறக்கிவிடும் ஒரு வண்டி. ரயிலை நம்பிய வெங்கன்காரர்களுக்கு இந்த வசதி தானாகவே அமைந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்ஸ் வேறு விடை கண்டுபிடித்தது: ஊரையே பனிக்குத் தூக்கிக்கொண்டு போவது. போர்க்கைதி முகாமில் இருந்தபோதே சவாய் மலைகளுக்குத் திட்டம் தீட்டிய லோரான் ஷப்பிஸ் என்ற கட்டடக் கலைஞரின் கையில் 1946 முதல் கூர்ஷெவெல் உருவாயிற்று. மேய்ச்சல் நிலத்தில் ஊர், வாசலில் பனி. அதன் உச்சிப் பகுதிக்கு 'கூர்ஷெவெல் 1850' என்று பெயர். ஊர் மையம் உண்மையில் அதைவிட ஏறத்தாழ நூறு மீட்டர் கீழே. 1,850 மீட்டரில் இருக்கும் வால் டிசேருக்குப் போட்டியாக எண்ணைக் கூட்டினார்கள் என்பார்கள். விளம்பரத்தில் உயரம் விலைபோகத் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்குக்குப் பனி இல்லாமல், ராணுவ வீரர்கள் மேல்மலையிலிருந்து 40,000 கன மீட்டர் பனியைச் சுமந்துவந்து சரிவுகளில் கொட்டினார்கள். அதே ஆண்டு பிரெஞ்சு அரசு 'பனித் திட்டம்' என்று ஒன்றை அறிவித்து, உயர்ந்த இடங்களில் புத்தம்புதிய ஊர்களைக் கட்ட முனைந்தது. அப்படி வளர்ந்தவற்றில் திஞ் என்ற ஊரின் கதை கசப்பானது. பழைய திஞ் கிராமம் 1952-இல் மின்சாரத்துக்காகக் கட்டிய செவ்ரில் அணையில் மூழ்கியது. ஊரார் எதிர்த்துப் பார்த்தார்கள், போலீஸ் வந்து வெளியேற்றியது. கல்லறையிலிருந்த முன்னோர்களைத் தோண்டி எடுத்து இடம் மாற்றினார்கள், தேவாலயத்தைப் போலவே இன்னொன்றை மேலே கட்டினார்கள். அணையைப் பழுதுபார்க்கத் தண்ணீரை வடித்தபோதெல்லாம் பழைய ஊரின் இடிபாடு வெளியே தெரிந்தது. நீரில் போன ஊரின் பெயரில் 2,100 மீட்டரில் எழுந்த புதிய திஞ்சுக்கு மேலே 3,456 மீட்டர் வரை பனியாற்றில் சறுக்கலாம். வசந்தத்தில் பனி கேட்பவர்களுக்கு அது சொர்க்கம்.

1970-களின் தொடக்கத்தில் 2,300 மீட்டரில் வால் தோரான்ஸ் வந்தது. ஐரோப்பாவிலேயே உயரமான பனிச்சறுக்கு ஊர் என்று அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இந்தப் புது ஊர்களில் தங்கிய குடும்பங்களுக்குக் கிடைத்தது பெட்டி பெட்டியான சிறு குடியிருப்புகள். கதவைத் திறந்ததும் நடைவழியில் அடுக்குக் கட்டில், அதில் பிள்ளைகள். உள்ளே சோபாவை விரித்தால் பெற்றோர் படுக்கை. மூலையில் இரண்டு அடுப்பு. நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆல்ப்ஸைத் திறந்துவிட்டது இந்தக் கான்கிரீட்தான் என்பதை அதன் அவலட்சணத்தைத் திட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் மலை போகிற போக்கைப் பார்த்து 1977-இல் வல்லூயிஸ் ஊரில் ஜனாதிபதி கிஸ்கார் தெஸ்தான் பேசிய பேச்சு, அந்தப் பாணிக் கட்டுமானத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

1980-களின் கடைசியில் தொடர்ந்து மூன்று குளிர்காலங்களில் பனி பொய்த்தது. தாழ்ந்த ஊர்களின் ஓட்டல்காரர்கள் ஆடிப்போனார்கள். 2007-இல் ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு கணக்குப் போட்டுப் பார்த்தது: ஆல்ப்ஸில் பார்த்த 666 பனிச்சறுக்கு இடங்களில் 609-இல் இயற்கைப் பனியை நம்பலாம், வெப்பம் 2 டிகிரி கூடினால் அது 404 ஆகும், 4 டிகிரி கூடினால் 202. அந்தக் கணக்கில் ஒவ்வொரு டிகிரிக்கும் நம்பகமான பனிக்கோடு 150 மீட்டர் மேலேறும். திஞ்சின் பனியாறே சுருங்கி, அங்கே கோடைச் சறுக்கல் பழையபடி இல்லை. எவ்வளவு உயரத்தில் ஊரைக் கட்டினாலும் துரத்திக்கொண்டு போக முடியாது என்பது புரிந்தபோது, வெங்கன்காரர்களின் பழைய வழி மறுபடி மதிப்புப் பெற்றது.

2020 டிசம்பரில் கிரின்டல்வால்டில் 'ஐகர் எக்ஸ்பிரஸ்' கம்பிவட ஊர்தி ஓடத் தொடங்கியது. ஹென்றி லன் மாநாடு கூட்டிய அதே கிரின்டல்வால்ட், உயரம் 1,034 மீட்டர்தான். ரயிலிலிருந்து இறங்கி அதே கட்டடத்தில் ஊர்தி ஏறினால் 15 நிமிடத்தில் 2,320 மீட்டர் உயரத்து ஐகர்க்ளெட்ஷர். மியூரனும் விடவில்லை. பழைய விஞ்சு ரயிலுக்குப் பதிலாக 2006-இல் கம்பிவட ஊர்தி வந்தது; 2024 டிசம்பரில் பள்ளத்தாக்கின் ஷ்டெக்கல்பெர்க்கிலிருந்து இன்னொன்று, உலகிலேயே மிகச் செங்குத்தானது என்ற பெருமையோடு.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் நாட்காட்டியைப் பொறுத்தது. ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். 2024-இல் மார்ச் 31-இல் வந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் சிறு பிள்ளைகளோடு வெங்கனிலோ மியூரனிலோ தங்கி, காலையில் மேலே போய், மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்புவது எல்லாருக்கும் சுகம். 2025-இல் போல ஏப்ரல் 20-க்குத் தள்ளிப்போனால் வால் தோரான்ஸின் அடுக்குக் கட்டிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2038-இல் ஏப்ரல் 25-ஆம் தேதி ஈஸ்டர்.