பதினைந்து அங்குல மேடை

பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீசுபவர் சமதரையில் நிற்பதில்லை. மண்ணால் எழுப்பிய சிறு மேடையொன்றின்மீது நின்று வீசுவார். 1968ஆம் ஆண்டுவரை அம்மேடையின் உயரம் 15 அங்குலம். 1969இல் அதனை 10 அங்குலமாகத் தாழ்த்தினர். செயின்ட் லூயி கார்டினல்ஸ் அணியின் பாப் கிப்ஸன் என்ற ஒருவரை அடக்கவே விதி மாற்றப்பட்டது என்று அமெரிக்க ரசிகர்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. அவ்வாண்டில் வீச்சாளர் பலரும் அடிப்பவர்களைத் திணறவைத்தனர். டெட்ராய்ட் அணியின் டென்னி மக்லெய்ன் 31 ஆட்டங்களில் வென்றார். ஆயினும் அப்பேச்சு காரணமின்றி எழவில்லை.

கிரிக்கெட் பழகிய நமக்கு இக்கணக்கைச் சற்று விளக்க வேண்டும். ஆட்டமொன்றுக்கு 9 இன்னிங்ஸ். அந்த ஒன்பதில், களத்தில் நிற்போரின் பிழையால் வந்தவை நீங்கலாக, வீச்சாளர் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் கொடுக்கிறார் என்பதே அவருக்கு அளவுகோல். மூன்றுக்குக் கீழ் என்றால் மிக நன்று என்பர். 1968இல் கிப்ஸனின் சராசரி 1.12. நேஷனல், அமெரிக்கன் ஆகிய இரு லீக்குகளிலும் 1920க்குப் பின் அதனினும் சிறந்த பருவத்தை எவரும் கண்டிலர். 34 ஆட்டங்களைத் தொடங்கி 28ஐத் தாமே முடித்தார். 13இல் எதிரணிக்கு ஓர் ஓட்டமும் இல்லை. இவ்வளவுக்குப் பின்னும் 9 ஆட்டங்களில் தோற்றார் என்றால், அவருடைய தோழர்கள் மட்டை பிடித்த அழகை என்னென்பது!

கிப்ஸன் 1935இல் ஒமாஹா நகரில் பிறந்தவர். பிறக்குமுன்பே தந்தையை இழந்தார். நோயுற்ற குழந்தையாக இருந்த அவரை ஆட்டக்காரராக வளர்த்தவர் மூத்த அண்ணன். 1959இல் அவர் கார்டினல்ஸ் அணிக்காக ஆடத் தொடங்கியபோது, ஜாக்கி ராபின்ஸன் நிறத்தடையைத் தகர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் ஃபுளோரிடாவில் நடந்த பயிற்சிக் காலத்தில் கறுப்பின வீரர்கள் வெள்ளையர் தங்கிய விடுதியில் தங்க இயலவில்லை. களத்தில் அவர் காட்டிய சிரிப்பற்ற முகத்தைப் பற்றி எழுதியோர் பலர் இதனை நினைப்பதில்லை.

இரு லீக்குகளின் முதல்வர்கள் மோதும் உலகத் தொடரில்தான் அவரது பெருமை முழுமையாக விளங்கியது. 1964இல் நியூயார்க் யாங்கீஸ் அணியுடன் ஐந்தாம் ஆட்டத்தை வென்று, இரண்டே நாள் ஓய்வுக்குப்பின் ஏழாவதையும் வென்றார். 1967 ஜூலையில் ராபர்டோ கிளமென்டே அடித்த பந்து அவரது காலைத் தாக்கியது. எழுந்து நின்று இருவரை எதிர்கொண்டு, மூன்றாமவருக்கு வீசும்போது எலும்பு முறிந்து வீழ்ந்தார். அந்த அக்டோபரிலேயே பாஸ்டன் அணிக்கு எதிராக மூன்று ஆட்டங்களை முழுமையாக வீசி மூன்றையும் வென்றார். இறுதி ஆட்டத்தில் தாமே ஹோம் ரன்னும் அடித்தார்!

1968 தொடரின் முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட் அணியின் மட்டையாளர்களை 17 முறை ‘ஸ்டிரைக் அவுட்’ செய்தார். உலகத் தொடரில் அந்தச் சாதனை இன்றளவும் நிலைத்திருக்கிறது. நான்காம் ஆட்டத்தையும் வென்றபோது, 1964 முதல் தொடர்ச்சியாக ஏழு வெற்றிகள். ஏழிலும் அவரே இறுதிவரை வீசினார்.

ஏழாவது ஆட்டத்தின் ஏழாம் இன்னிங்ஸில், ஜிம் நார்த்ரப் அடித்த பந்தைக் கர்ட் ஃப்ளட் தவறாகக் கணித்தார். மிகச் சிறந்த களக்காப்பாளர் எனப் பெயர்பெற்றவர் அவர். பந்தோ தலைக்கு மேலே பறந்துபோயிற்று. இரண்டு ஓட்டங்கள் வந்தன. 4-1 என்ற கணக்கில் கோப்பை டெட்ராய்ட் சென்றது.

மறு ஆண்டு மேடை தாழ்ந்தது. கிப்ஸன் 1968 பருவத்தில் ‘ஸ்டிரைக் அவுட்’ செய்தது 268 முறை. தாழ்ந்த மேடையிலிருந்து 1969இல் 269 முறை. 1970இல் 23 ஆட்டங்களை வென்று, சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதை இரண்டாம் முறையாகப் பெற்றார். 1975இல் ஓய்வு பெற்ற அவர் 2020 அக்டோபர் 2ஆம் நாள், உலகத் தொடர் நடைபெறும் அதே மாதத்தில், மறைந்தார்.