இடது காலில் இருந்து வலது காலுக்கு: ஒரு பிரேக்கின் கதை

பி.காம் படிக்கிறவனுக்கு பிரேக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மிதித்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான் எனக்கும் தெரிந்திருந்தது. மிதித்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டபோதுதான், அந்த மிதி ஏன் அந்தப் பக்கம் இருக்கிறது என்ற கேள்வியே வந்தது. தேடப்போனால் விஷயம் அமெரிக்கா வரைக்கும் போகிறது.

சேரப்பணஞ்சேரியில் என் தாய்மாமாவிடம் 1989 மாடல் புல்லட் ஒன்று இருக்கிறது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நான் ஓட்டிப் பழகியது 100 சிசி வண்டி. அதில் எல்லாமே தலைகீழ். புல்லட்டில் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பேன். கடைசியில் கியரை இடது பக்கமும் பிரேக்கை வலது பக்கமும் கொண்டுவரும் கிட் ஒன்றை வாங்கி மாட்டினோம். "நீதானே மாப்ள ஓட்டப்போற, மாத்திக்கோ" என்றார் மாமா.

முதல் நாளே வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் வினை. ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் வண்டி இழுக்கவில்லை. கருகல் வாடை வேறு. பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது. ஓரம் கட்டிப் பார்த்தால் பின் டிரம் கை வைக்க முடியாத சூடு. பிரேக் லைட் அணையவே இல்லை. நான் காலை எடுத்து வெகுநேரம் ஆகியும் பிரேக் காலை எடுக்கவில்லை :-)

சரி, வரலாற்றுக்கு வருவோம். புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டி. 1955ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1967ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. மெட்ராஸில் மட்டும் அந்தப் பழைய அமைப்பு அப்படியே தொடர்ந்தது.

அந்த அமைப்பில் ஒரு நியாயம் உண்டு. புல்லட்டின் கியர் தண்டு வலது பக்கம் வெளியே வருகிறது. செயினும் பின் பிரேக் டிரம்மும் இடது பக்கம். எது எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்திலேயே மிதி. பிரேக் மிதிக்கும் டிரம்முக்கும் நடுவில் நேராக ஒரு ராடு, வேறொன்றும் கிடையாது.

அந்தக் காலத்தில் இதற்குப் பொது விதி எதுவும் இல்லை. இங்கிலாந்து, இத்தாலி வண்டிகளில் பெரும்பாலும் வலது காலில் கியர். ஜப்பான் வண்டிகளில் இடது காலில். ஒரு வண்டியில் பழகியவர் இன்னொன்றில் ஏறி, அவசரத்தில் தப்பான காலை மிதித்தால் என்ன ஆகும்? அமெரிக்க அரசு இதற்கு முடிவு கட்டியது. 1974 செப்டம்பர் 1 முதல் தயாராகும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலுக்கு, பின் பிரேக் வலது காலுக்கு என்று விதி வந்தது. அமெரிக்கா பெரிய சந்தை. அங்கே விற்க வேண்டுமென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஜப்பான்காரர்களுக்குச் செலவே இல்லை, அவர்கள் வண்டி ஏற்கெனவே அப்படித்தான். மாட்டியது பழைய கம்பெனிகள். 1975ல் நார்ட்டனும் டிரையம்ஃபும் கியரை இடது பக்கம் கொண்டுவந்தன. ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர் 1975ல் குறுக்கே ஒரு இணைப்புத் தண்டைப் போட்டுச் சமாளித்தது. எஞ்சினையே மாற்றி ஒழுங்காகச் செய்தது 1977ல்தான். பொது விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் செலவு பழைய டிசைன் வைத்திருப்பவன் தலையில்தான் விழும். இது காமர்ஸ் மாணவனின் கருத்து.

நம் ஊரில் யெஸ்டி முன்பே இடது கால் கியர்தான். 1984ல் ஓசூரில் இருந்து இண்ட்-சுசுகியும் 1985ல் ஹீரோ ஹோண்டாவின் சிடி 100ம் வந்த பிறகு, புதிதாக ஓட்டக் கற்றவர்கள் எல்லோரும் இடது கால்காரர்கள் ஆனார்கள். 2009ல் புது எஞ்சினோடு வந்த கிளாசிக் 350, 500 இரண்டிலும் இடது கால் கியர்தான். 2013ல் ராயல் என்ஃபீல்டு எங்கள் பக்கத்து ஒரகடத்திலேயே தொழிற்சாலை திறந்தது. அங்கிருந்து வெளியே வரும் எந்த வண்டியிலும் என் மாமாவின் கால் பொருந்தாது.

இப்போது எங்கள் பிரேக்குக்கு வருவோம். டிரம் இடது பக்கமே இருக்கிறது, மிதி மட்டும் வலது பக்கம் போய்விட்டது. அப்படியானால் நடுவில் ஒரு குறுக்குத் தண்டு வேண்டும். அன்று ஸ்போர்ட்ஸ்டர் கியருக்குச் செய்த அதே ஒட்டுவேலை!

மெக்கானிக் அண்ணன் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டார். பின் சக்கரம் கையால் சுற்றவில்லை. டிரம் பக்கத்தில் பிரேக் ராடைக் கழற்றினார். சக்கரம் சுற்றியது. டிரம்மில் இருக்கும் லீவரைக் கையால் இழுத்துவிட்டார், டக்கென்று திரும்பியது. ஆக உள்ளே ஷூ, கேம், ஸ்பிரிங் எதிலும் குற்றமில்லை. ராடு இல்லாமலே மிதியை அமுக்கினார். அது சோம்பேறித்தனமாகப் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. குறுக்குத் தண்டைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு போல்ட்டை லூஸ் செய்ததும் தண்டு சுலபமாகத் திரும்பியது. இரண்டு பக்கமும் நேர்கோட்டில் இல்லை. இறுக்க இறுக்க தண்டு புஷ்ஷில் கடித்திருக்கிறது.

ஒரு வாஷர் வைத்து நேராக்கினார், கிரீஸ் போட்டார், புது ரிட்டர்ன் ஸ்பிரிங் மாட்டினார். நான் ஒரு தப்பு செய்திருந்தேன். பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும் என்று நட்டை முழுக்க இறுக்கி வைத்திருந்தேன். மிதியில் ப்ளே கொஞ்சமும் இல்லை. "ஒரு இன்ச் சும்மா இறங்கணும் தம்பி, அதுக்கப்புறம்தான் பிடிக்கணும்" என்று நட்டைத் தளர்த்தினார். சரியாகிவிட்டது.

கதை இத்தோடு முடியவில்லை. மறுநாள் மாமா அரிசி மூட்டை வாங்க அதே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. முப்பது வருஷப் பழக்கத்தில் இடது காலை ஓங்கி மிதித்திருக்கிறார். அங்கே இருந்தது கியர். முன் பிரேக்கைப் பிடித்து, வேலியில் சாய்ந்து, முழங்கையில் சிராய்ப்போடு தப்பினார். ஆடும் தப்பியது.

திட்டவில்லை. "பிரேக்கை ரிப்பேர் பண்ணிட்ட, என் காலை யாரு மாப்ள ரிப்பேர் பண்றது?" என்று மட்டும் கேட்டார். அமெரிக்காக்காரன் 1974ல் எந்த ஆபத்துக்காக விதி போட்டானோ, அதே ஆபத்தை நான் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

கிட்டைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டோம். நேர் ராடு பழையபடி இடது பக்கம் வந்துவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மனையில் வலது காலில் கியர் போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். மாமா ஓரமாக நின்று கத்துகிறார்: "இடது காலுடா, இடது காலு!"

உங்கள் வீட்டில் பழைய புல்லட் இருந்தால், அதை வேறு யாரிடமாவது கொடுப்பதற்கு முன் எந்தக் காலில் பிரேக் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மீண்டும் சந்திப்போம்.