ஹாஸ்யம்: கிறிஸ்தவ வாழ்விலும் தமிழ் மரபிலும்

நகைப்புக்கும் உரிய காலத்தைப் பிரசங்கி ஆகமம் ஒதுக்கியிருந்தும், திருச்சபையின் ஆதி ஆசிரியர்கள் அதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம், கிறிஸ்து கண்ணீர் விட்டதாகச் சுவிசேஷங்கள் கூறுகின்றனவேயன்றி நகைத்ததாகக் கூறவில்லை என்று எச்சரித்தார்; ஆறாம் நூற்றாண்டில் எழுந்த பெனடிக்ட் மடத்து ஒழுங்கும் துறவியரை வீண்சிரிப்பினின்று விலக்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பது போலவே மனத்துக்கு விளையாட்டு வேண்டும் என்று நியாயங்காட்டி, அளவறிந்த பரிகாசத்தைச் சற்குணங்களுள் சேர்த்தார். ரோமாபுரியில் வாழ்ந்த பிலிப் நேரியோ (1515–1595), பிறர் தம்மை மகானென்று போற்றாதிருக்கும்பொருட்டுத் தாடியில் ஒருபாதியை மட்டும் மழித்துக்கொண்டு வீதியில் நடந்தார் என்பர். அவருக்கு 1622இல் அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளிக்கப்பட்டது.

தமிழில் இம்மரபின் தலைசிறந்த சிருஷ்டி ‘பரமார்த்த குருவின் கதை’. இத்தாலியில் 1680இல் பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்து, காவிரி நாட்டில் உழைத்து, ‘தேம்பாவணி’ என்னும் பெருங்காப்பியம் பாடிய வீரமாமுனிவரே, எளிய உரைநடையில், இலத்தீன் மொழிபெயர்ப்புடன் இதனை இயற்றினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவர், ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்க்கிறார்கள். ‘சுர்’ரென்ற ஓசை எழவே, விழித்திருக்கிறதென்று அஞ்சிப் பின்வாங்குகிறார்கள். பின்னர் அணைந்த கட்டையால் சோதித்து, ஓசையில்லாமை கண்டு கடந்தபின், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவன் குறைய, ஆற்றைச் சபித்து அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் பணம் பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓரடி போட்டுப் பெயர் சொல்லச்செய்து கணக்கை நேராக்குகிறான். இந்து மடங்களை இகழ எழுந்த நூல் இது என்பாருளர். ஆயினும், தாமே குருவாயிருந்த ஒருவர் ஞானமற்ற குருத்துவத்தை இத்தனை இரக்கத்தோடு நகைப்புக்கு உள்ளாக்கியதில், உபதேசிக்கிறவன் முதலில் தன்னையே கணக்கில் கொள்ளவேண்டும் என்ற ஆன்ம பரிசோதனையைக் காண்பதே பொருந்தும். நூலைப் பாபிங்டன் என்பார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822இல் லண்டனில் அச்சிட்டார். பின்னர், கத்தோலிக்கரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், நீதிபோதனையை விகடத்தோடு கலந்தே வழங்கினார்.

வீரமாமுனிவர் உழைத்த காவிரி நாட்டின் திருச்சி, தஞ்சைச் சீமைகளிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்து எண்ணப்பட்ட ஜனங்களுக்கு, அடிபட்டு எண்ணப்பட்ட சீடர்களின் கதை அந்நியமாயிராது. அதிகாரத்தின் கைப்பிடிக்குள் வாழ்ந்த அவர்களுக்குச் சிரிப்பு, ஜெபத்தைப் போலவே, பிறர் பறிக்கவொண்ணாத சொத்தாகும். 1972இல் சிங்கப்பூர் தனி உயர்மறைமாவட்டமாய்ப் பிரிந்தபொழுது மலாக்கா–ஜொகூர் மறைமாவட்டம் உருவாயிற்று. தமிழ்ப் பூசையும் அங்கே நடைபெற்று வருகிறது. 2003இல் அதன் ஆயராகப் பொறுப்பேற்ற பால் டான், வீரமாமுனிவரைப் போலவே இயேசு சபைத் துறவி. அச்சபையினின்றே போப்பாண்டவரான பிரான்சிஸ், 2018இல் விடுத்த அப்போஸ்தலிக்க அறிவுரையில், பரிசுத்த வாழ்வின் அடையாளங்களாகத் தாம் எடுத்துரைத்த ஐந்தனுள் இரண்டாவதாக மகிழ்ச்சியையும் நகைச்சுவை உணர்வையும் வைத்தார்.